பெத்லகேம் வரை: ஏழு நாள் குறிப்புகள்

டிசம்பர் 19

எங்கள் குழுவில் 38 பேர். 37 பேருடைய பெட்டிகள் வந்துவிட்டன. கன்வேயர் பெல்ட் இரண்டு சுற்று காலியாகச் சுற்றிவிட்டு நின்றது. அம்மாவின் நீலப் பெட்டி மட்டும் இல்லை. ஸ்வெட்டர், கம்பளிச் சாக்ஸ், முட்டிக்குப் போடும் உறை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் அதில்தான் இருந்தன. மாத்திரையைக் கைப்பையில் வை என்று சொன்னேனா என்றால், சொன்னேன். யார் கேட்டார்கள்?

கவுண்டரில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினார். இரண்டு நாளில் ஓட்டலுக்கே வந்துவிடும் என்றார். எந்த இரண்டு நாள் என்று சொல்லவில்லை.

"விடுடா, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றாள் அம்மா.

இந்த வாக்கியத்தைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 19 வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த நிறுவனம் கடந்த அக்டோபரில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அன்றிலிருந்து இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. சொன்னவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இந்தப் புனித பூமிப் பயணத்துக்கு ஜூன் மாதமே முழுப் பணமும் கட்டியாகிவிட்டது, ரத்து செய்தாலும் திரும்பி வராது. அதனால் வந்தேன். இதில் பக்தி எவ்வளவு, பணம் வீணாகக் கூடாது என்ற எண்ணம் எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

நாசரேத்துக்குப் போகும் பஸ்ஸில் பின்னாலிருந்து ஒரு அக்கா எழுந்து வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். "அம்மா என்ன மாத்திரை எடுத்துக்கிறாங்க?" என்று கேட்டார். மருந்துச் சீட்டின் படம் என் போனில் இருந்தது. அம்லோடிபின், 5 மில்லிகிராம். பார்த்ததும் தன் பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தார். அதே மாத்திரை, அதே அளவு. மகன் இரண்டு அட்டை கூடுதலாக வைத்துவிட்டானாம். நான் கை நீட்டினேன், அவர் கொடுக்கவில்லை.

"தினமும் ராத்திரி ஒண்ணு. நானே கொண்டாந்து தர்றேன். மொத்தமாக் கொடுத்தா நீங்க தொலைச்சுடுவீங்க."

முதல் மாத்திரையை இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அவருக்கு 'மன்னா' என்று பெயர் வைத்துவிட்டாள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு அன்றன்றைக்கு வானத்திலிருந்து விழுந்த ஆகாரம் அது.

டிசம்பர் 20, நாசரேத்

காலையில் பஸ்ஸில் ஏறினால் அம்மாவின் சீட்டில் ஒரு சால்வை கிடந்தது. காபிப் பொடி நிறம், ஓரத்தில் மஞ்சள் கோடு. ஒரு மூலையில் இழை பிரிந்து, யாரோ அவசரமாகப் போட்ட சின்ன முடிச்சு. "யாருதுங்க இது?" என்று அம்மா மூன்று தடவை சத்தமாகக் கேட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. முந்தின நாள் வந்த வேறு குழுவுடையதாக இருக்கும் என்றார் டிரைவர். குளிருக்கு அதைப் போர்த்திக்கொண்டாள். சாயங்காலம் கேட்கலாம் என்று சொன்னவள், சாயங்காலம் மறந்துவிட்டாள்.

இயேசு பிறப்பார் என்று காபிரியேல் தூதன் மரியாளிடம் சொன்ன இடத்தில் மங்கள வார்த்தை ஆலயம். பெரியது. 1969-இல் அர்ப்பணிக்கப்பட்டது. சுற்றிலும் பல நாட்டார் அனுப்பிய மரியாளின் மொசைக் படங்கள், ஒவ்வொன்றிலும் அந்தந்த நாட்டு முகம். கீழே பழைய குகை வீடு. அங்கே பீடத்தில் லத்தீனில் எழுதியிருப்பதை வழிகாட்டி படித்துச் சொன்னார்: 'வார்த்தை இங்கே மாம்சமானார்.' யோவான் நற்செய்தியில் இந்த 'இங்கே' கிடையாது. கட்டியவர்கள் சேர்த்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. ஏதோ ஒரு வீடு, ஏதோ ஒரு தெரு, அங்கே வந்தார் என்று விரலை வைத்துச் சொல்கிற தைரியம்.

மற்றபடி இன்று எழுத அதிகம் இல்லை. கால் வலி. குழுவில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், எல்லாரும் ஹெட்மாஸ்டர் சார் என்கிறோம். காலையில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, மதியம் டீ ஆறிப்போனதற்குச் சண்டை, மாலையில் வழிகாட்டி வேகமாகப் பேசுவதற்குச் சண்டை. அவர் சத்தத்தில் காபிரியேல் தூதன் வந்திருந்தால் திரும்பிப் போயிருப்பார்.

டிசம்பர் 21, கலிலேயாக் கடல்

கடல் என்கிறோமே தவிர நன்னீர் ஏரிதான். கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே இருக்கிறது. காலை வெயிலில் தகடு மாதிரி கிடந்தது.

தப்கா என்ற இடத்தில் அப்பம் பெருகிய அற்புதத்தின் ஆலயம். கிரேக்கத்தில் 'ஏழு ஊற்றுகள்' என்ற பெயர் தேய்ந்து தேய்ந்து தப்கா ஆகியிருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் புதியது, தரை பழையது. 5-ஆம் நூற்றாண்டு மொசைக். பீடத்துக்கு முன்னால் ஒரு கூடை, அதில் அப்பங்கள், இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீன். சுண்டு விரல் நகத்தளவு கற்களை அடுக்கி, மீனின் செதிலைக்கூட விடாமல் செய்திருக்கிறார்கள்.

"எண்ணிப் பாருங்கள்" என்றார் வழிகாட்டி.

மீன் இரண்டு. சரி. அப்பம் நான்கு. மறுபடி எண்ணினேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிலுவைக் குறி. நான்குதான். வேதத்தில் ஐந்து அப்பம், இரண்டு மீன், அதை வைத்துத்தான் இயேசு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டார். கல் பதித்தவர் கணக்கில் கோட்டைவிட்டாரா? 19 வருடம் கணக்குப் பார்த்தவன், ஒன்று குறைந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. வழிகாட்டி சிரித்தார். ஐந்தாவது அப்பம் பீடத்தின் மேல் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் அங்கே பிட்கப்படுகிறது என்று சொல்வார்களாம். பதித்தவர் அதைத்தான் நினைத்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். நான் அந்த இடத்தை விட்டு நகர வெகுநேரம் ஆயிற்று.

யோவான் எழுதியதில் எனக்கு மிக நெருக்கமானவன் சீடன் பிலிப்பு. 'இவர்களுக்கு எங்கே அப்பம் வாங்குவது?' என்று இயேசு கேட்டதும் ஆள் கணக்குப் போட்டுவிட்டான். இருநூறு பணத்து அப்பம்கூடப் போதாது. ஒரு பணம் என்பது அன்றைக்கு ஒரு கூலிக்காரனின் ஒரு நாள் கூலி. ஆக, இருநூறு நாள் உழைப்பு. பிலிப்பின் கணக்கில் தப்பே இல்லை என்பதுதான் விஷயம். பிரசங்கங்களில் பாவம் அவனை அவிசுவாசி ஆக்கிவிடுகிறார்கள். என் பையிலும் ஒரு நோட்டு இருக்கிறது: வீட்டுக் கடன் தவணை, பிள்ளையின் படிப்பு, அம்மாவின் மருந்து, கையிருப்பு. மார்ச் வரை வரும். ஏப்ரல் பக்கம் காலி. அந்தக் கணக்கிலும் தப்பு இல்லை.

அப்புறம் மலைப்பிரசங்க மலை. எட்டு பாக்கியங்களுக்கு எட்டுப் பக்கச் சுவர் வைத்துக் கட்டிய ஆலயம். 'காட்டுப் புஷ்பங்களைக் கவனித்துப் பாருங்கள்' என்று சொன்ன சரிவில் டிசம்பரில் பூ எதுவும் இல்லை, ஈர மண்ணில் பச்சை முளை மட்டும்தான். அந்தப் பக்கத்துச் செந்நிற அனிமோன் பூக்கள் ஜனவரி கடைசியில்தான் வர ஆரம்பிக்குமாம். ஆகாயத்துப் பட்சிகள் இருந்தன. பறவைகளுக்குக் கடன் தவணை இல்லையே என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அதுக்கு நோட்டும் இல்லடா" என்றாள்.

ராத்திரி ஒன்பதுக்கு மன்னா வந்தது. மூன்றாவது மாத்திரை. பெட்டி வரவில்லை.

டிசம்பர் 22, எரிகோ வழி

காலையில் போனைத் திறந்ததும் ஒரு மின்னஞ்சல். நவம்பரில் நேர்முகத் தேர்வுக்குப் போன இடம். மூன்று சுற்று நன்றாகப் போயிருந்தது, கிடைத்துவிடும் என்று மனதுக்குள் மேஜையே போட்டு வைத்திருந்தேன். வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். நான்கு வரி. அம்மாவிடம் காட்டவில்லை. முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள், சொன்னேன். நல்ல வேளை, அந்த வாக்கியத்தை இன்றைக்குச் சொல்லவில்லை. தோளில் கை வைத்துக்கொண்டு பேசாமல் வந்தாள்.

யோர்தான் பள்ளத்தாக்கு வழியே தெற்கே இறங்கினோம். மரியாளும் யோசேப்பும் வந்த பாதை இதுவாக இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நாசரேத்திலிருந்து எப்படி வந்தாலும் பெத்லகேமுக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் பக்கம் ஆகும். எரிகோ கடல் மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே, பெத்லகேம் 770 மீட்டருக்கும் மேலே. கடைசிப் பகுதி முழுக்க ஏற்றம், நிறைமாதத்தில்.

எரிகோவைத் தாண்டி வாதி கெல்ட் பள்ளத்தாக்கின் விளிம்பில் இறக்கிவிட்டார்கள். எதிர்ப் பாறையில் குளவிக்கூடு மாதிரி ஒட்டிக்கொண்டு பரிசுத்த ஜார்ஜ் மடம். பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசிக்குக் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்த கேரீத் ஆறு இதுதான் என்று ஒரு பாரம்பரியம் உண்டு, யோர்தானுக்குக் கிழக்கே என்று இன்னொன்று. போதகர் ஐயா 1 இராஜாக்கள் 17-ஐப் படித்தார். காகம் வந்த இடத்தில் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன், எல்லாரும் அங்கேதான் நிறுத்துவார்கள். அவர் அடுத்த வசனத்தையும் படித்தார். மழை இல்லாததால் சில நாளில் அந்த ஆறு வற்றிப்போயிற்று.

அனுப்பியவர் கர்த்தர். போய் உட்காரச் சொன்ன இடமும் அவர் சொன்ன இடம். அந்த ஆறுதான் வற்றுகிறது. எலியா என்ன தப்பு செய்தான் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்து எங்கே அனுப்புகிறார் பாருங்கள், சாறிபாத்தில் ஒரு விதவையிடம். அவளிடம் இருப்பது பானையில் ஒரு பிடி மாவு, கலசத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டுத் தானும் மகனும் தின்றுவிட்டுச் சாகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். அவள்தான் சோறு போட வேண்டியவள்!

அந்தப் பானை நிரம்பிற்று என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. செலவழிந்து போகவில்லை, அவ்வளவுதான். எந்த நாள் சாயங்காலம் பானையைக் கவிழ்த்துக் கணக்கு எடுத்திருந்தாலும் இருப்பு ஒரு பிடி மாவாகத்தான் இருந்திருக்கும். நம் கண்ணுக்கு அந்த வீடு எல்லா நாளும் நாளைக்குச் சாகப்போகிற வீடு.

எருசலேமுக்கு ஏறும்போது இருட்டிவிட்டது. காதை அடைத்தது.

டிசம்பர் 23, எருசலேம், அப்புறம் பெத்லகேம்

ஒலிவ மலையில் பாத்தர் நோஸ்தர் ஆலயம். 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' ஜெபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓட்டுப் பலகைகளாகச் சுவர் முழுக்க. தமிழ்ப் பலகையைக் கண்டதும் எங்கள் குழு ஓட்டமாக ஓடியது. ஹெட்மாஸ்டர் சார் முன்னால் நின்று எழுத்துப்பிழை தேட ஆரம்பித்தார். அம்மா பலகையைப் பார்க்காமல், கண்ணை மூடி, தனக்குப் பாடமான விதத்தில் சொன்னாள். 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்.' மூலத்தில் அங்கே வரும் கிரேக்கச் சொல் வேறெங்கும் அநேகமாகக் கிடைக்காத ஒன்று. அன்றாடத்துக்கானதா, வரும் நாளுக்கானதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அவர்கள் வாதாடட்டும். 'இன்று' என்ற சொல்லில் சந்தேகம் இல்லை.

அங்கிருந்து இறங்கினால் எதிரே பொற்குவிமாடம், அதன் கீழே மோரியா மலை. ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலியிட விறகோடு ஏற்றிக்கொண்டு போன மலை என்பது நம்பிக்கை. சாலொமோன் ஆலயம் கட்டியதும் மோரியாவில்தான் என்று நாளாகமம் சொல்கிறது. மகனுக்குப் பதிலாக ஆட்டுக்கடா கிடைத்த அந்த இடத்துக்கு ஆபிரகாம் வைத்த பெயர் யேகோவாயீரே. 'கர்த்தருடைய பர்வதத்திலே பார்த்துக்கொள்ளப்படும்' என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. சின்ன வயதில் இது எனக்கு அரைகுறை வாக்கியமாகத் தெரியும். யார் எதைப் பார்த்துக்கொள்வார்? எபிரெயத்தில் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'பார்ப்பது' என்று போதகர் ஐயா இன்று சொன்னார். பார்ப்பார் என்பதே தருவார் என்றாகிறது. தமிழில் இதை விளக்கவே தேவையில்லை. 'பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க' என்றால் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறோமா? கண் ஒருவர் மேல் படுவதும், கை அவருக்கு நீள்வதும் நம் பேச்சில் ஒரே சொல். அக்டோபரிலிருந்து என்னை எரிச்சல்படுத்திய வாக்கியம் இவ்வளவு பழையது என்று எனக்குத் தெரியாது.

ஆலயம் இருந்த இடத்தைப் பார்த்தபடி இன்னொன்றும் நினைவு வந்தது. குழந்தை இயேசுவை இங்கே கொண்டுவந்தபோது மரியாளும் யோசேப்பும் செலுத்தியது புறாக்கள். ஆட்டுக்குட்டிக்கு வக்கில்லாதவர்களுக்கு லேவியராகமம் கொடுத்திருக்கும் சலுகை அது. தேவகுமாரனுக்கு ஏழைகளின் கட்டணம். "பிள்ளையைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் கொண்டாந்த பொன்னு எதுக்குன்னு நினைக்கிற? ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்குப் போற செலவுக்குடா" என்றாள் அம்மா. வேதத்தில் அப்படி எழுதவில்லை, ஆனாலும் நான் மறுக்கவில்லை.

மதியம் பெத்லகேம். பத்து கிலோமீட்டருக்குள்தான், நடுவில் எட்டு மீட்டர் உயரக் காங்கிரீட் சுவரும் சோதனைச் சாவடியும். எங்கள் பஸ்ஸை விட்டுவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அப்படி இல்லை என்றார் வழிகாட்டி, வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒலிவ மரத்தில் குடில் பொம்மை செதுக்கும் ஒருவரிடம் நின்று பேசினோம். கொரோனாவில் இரண்டு கிறிஸ்துமஸ் யாத்திரிகர் இல்லை. அப்போதும் செதுக்கினீர்களா என்று கேட்டேன். ஆமாம், அலமாரியில் இடமில்லாத அளவுக்கு என்றார். விற்காத யோசேப்புகள் வரிசையாக நின்றார்கள்.

பிறப்பின் ஆலயத்தின் வாசல் நாலடி உயரம்தான். குதிரையில் ஏறி யாரும் உள்ளே வந்துவிடாதபடி அடைத்துச் சிறிதாக்கினார்களாம். தாழ்மையின் வாசல் என்கிறார்கள். அம்மாவின் முட்டிக்கு அது தாழ்மை அல்ல, தண்டனை. குனிந்து, சுவரைப் பிடித்து, ஒருவழியாக உள்ளே போனாள். ஒன்றரை மணி நேர வரிசை. குகைக்குள் இறங்கினால் பளிங்குத் தரையில் பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரம். அதைச் சுற்றியும் லத்தீன், அதிலும் 'இங்கே'. பீடத்துக்கு அடியில் முழங்காலிட்டால்தான் தொட முடியும். அம்மா முழங்காலிட்டுவிட்டாள். எழ முடியவில்லை. நான் கூட்டத்தில் இரண்டு படி பின்னால் மாட்டிக்கொண்டேன். வெள்ளைத் துணி போர்த்திய எத்தியோப்பியப் பெண் ஒருவர் அக்குளில் கை கொடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோல் அம்மாவைத் தூக்கி நிறுத்தினார். இருவரும் அவரவர் மொழியில் என்னவோ சொல்லிக்கொண்டார்கள்.

எதிரே இரண்டு மூன்று படி கீழே முன்னணை இருந்த இடம். 'முன்னணையிலே கிடத்தினாள்' என்பதைக் கேட்டுக் கேட்டு, முன்னணை என்றால் ஏதோ தலையணை வகை என்றுதான் பத்து வயது வரை நினைத்திருந்தேன். தீவனத் தொட்டி. இந்தப் பக்கத்து அகழாய்வுகளில் கிடைப்பவை கல்லில் குடைந்த தொட்டிகள். பெத்லகேம் என்றால் எபிரெயத்தில் அப்பத்தின் வீடு. அப்பத்தின் வீட்டில், தீனி வைக்கிற தொட்டியில், பிள்ளையைக் கிடத்தியிருக்கிறார்கள். தப்காவில் காணாமல்போன ஐந்தாவது அப்பத்தை அங்கே நின்று நினைத்தேன்.

டிசம்பர் 24, பெத்லகேம்

காலையில் பெய்த் சாஹூர், மேய்ப்பரின் வயல். கூடார வடிவில் சின்ன ஆலயம், பக்கத்தில் புகைக்கரி படிந்த குகைகள். இதே பக்கத்தில்தான் போவாசின் வயலும் என்பார்கள். போதகர் ஐயா மேய்ப்பரை விட்டுவிட்டு ரூத்தைப் படித்தார். பஞ்சம் பிழைக்கப் போன நகோமி எல்லாம் இழந்து திரும்புகிறாள், மருமகள் ரூத் கதிர் பொறுக்கப் போகிறாள். வயல் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தினதைத் திரும்பப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் என்பது சட்டம். போவாஸ் அதற்கு மேலும் ஒன்று செய்கிறான். வேலைக்காரரைத் தனியே கூப்பிட்டு, அவள் பொறுக்கட்டும், வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்திவிடுங்கள், அதட்டாதீர்கள் என்கிறான். ரூத்துக்கு அது தெரியாது. இன்றைக்கு நிறையச் சிந்தியிருக்கிறதே என்றுதான் நினைத்திருப்பாள்.

அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் சாரணர் அணிவகுப்பு. மத்தளமும் பேக்பைப்பும் முழங்க வந்தார்கள், பிரிட்டிஷ் ஆட்சி விட்டுப்போன வாத்தியம். பின்னால் எருசலேமிலிருந்து லத்தீன் பிதாப்பிதா, அதாவது அங்குள்ள கத்தோலிக்கத் தலைமை ஆயர், வந்தார். நள்ளிரவுத் திருப்பலிக்கு முன்கூட்டியே பதிவுசெய்து சீட்டு வாங்க வேண்டும், எங்களிடம் இல்லை. முன்னணைச் சதுக்கத்தில் திரைக்கு எதிரே நின்றோம். குளிர் எலும்பில் இறங்கியது. ஹெட்மாஸ்டர் சார் மெல்லிய சட்டையோடு கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, ஒலிபெருக்கி சரியில்லை, திரை சின்னது, இவர்களுக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாடவே தெரியவில்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர் எடுத்து வரவில்லையா சார் என்றேன். "எனக்கெதுக்கு, எனக்குக் குளிராது" என்று என்மேல் பாய்ந்தார்.

மணி ஒன்று. அறைக்கு வந்து, இந்தப் பதிவுக்குப் படம் தேடிக்கொண்டிருக்கிறேன். புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் எடுத்த குழுப் படம் கண்ணில் பட்டது. கடைசி வரிசை, இடது ஓரம், முகத்தைச் சுளித்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் சார். தோளில் காபிப் பொடி நிறச் சால்வை. பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் மஞ்சள் கோடு.

அவர் இதைப் படிக்க மாட்டார். வாட்ஸ்அப்பே வைத்துக்கொள்ளாதவர்.

டிசம்பர் 25

காலை உணவின்போது நீலப் பெட்டி வந்துவிட்டது, ஒரு சக்கரம் இல்லாமல். அம்மா முதலில் ஸ்வெட்டரைப் போட்டாள். பிறகு ஓட்டல் அறையில் இருந்த சின்ன ஊசிநூல் பொட்டலத்தைப் பிரித்து, சால்வையின் மூலையில் இருந்த முடிச்சை அவிழ்த்து, பிரிந்த இழையைச் சேர்த்து வெள்ளை நூலால் தைத்தாள். காபிப் பொடி நிறத்தில் அந்த வெள்ளைத் தையல் நன்றாகத் தெரிந்தது. அந்தப் படத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை.

பஸ்ஸுக்கு எங்களை முதலிலேயே கிளப்பிவிட்டாள். உள்ளே யாரும் இல்லை. நான்காக மடித்த சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு நேராகப் பின்னால் போய், கடைசிக்கு முந்தின வரிசை ஜன்னல் சீட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"யாருதுன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒவ்வொருவராக ஏறினார்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், கை குலுக்கல். கடைசியாக ஹெட்மாஸ்டர் சார். பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

"யாருங்க அது, என் சீட்ல துணியைப் போட்டு வெச்சிருக்கிறது? ஒரு ஒழுங்கு வேண்டாமா?"

யாரும் வாய் திறக்கவில்லை. பஸ் நகர்ந்தது. சுவரைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். கழுத்து வரை போர்த்திக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டார்.